கயித்தைப் புடிச்சவனை எவன் பாக்கறான்?

ஏண்டா கண்ணு, கண்ணாடி முன்னால நின்னு யாருகிட்டப் பேசற? பேய் புடிச்சுருச்சோன்னு உன்ர ஆத்தா திருநீறு எடுக்கப் போயிட்டா.

ஓ, நாளைக்குக் கொடிசியாவுல பம்பு கம்பெனிக்காரங்க கூட்டமா? நாலு பேரைப் பழக்கம் புடிச்சுக்கிட்டு வான்னு உன்ர மேனேஜர் சொல்லிப்போட்டாரு, உனக்கு இன்னைக்கே வயித்தைக் கலக்குது. லிப்டு மேல போய்ச் சேர்றதுக்குள்ள தன்னைப் பத்திச் சொல்லி முடிக்கோணும்னு வேற எவனோ பாடம் நடத்தியிருக்கான். சரிதான். நானும் அம்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவன். எந்தக் காளையும் தன்னைப் பத்தித் தானே பேசி வெலை போய் நான் பார்த்ததில்லை.

லிங்க்டுஇன்ல உனக்கு ஆயிரத்துச் சொச்சம் பேராம். அதுல ஒருத்தன் எதுத்தாப்புல வந்து நின்னா உன்ர செருப்பு நுனியைத்தான் பாப்ப. பொறந்த நாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறதுக்குப் பேரு பழக்கமா சாமி?

சிரிக்காத. நான் உன்னை விட மோசம். மொதமொதல்ல கண்ணபுரத்துச் சித்திரை நோம்பிக்கு எங்கப்பன் ஒரு மயிலைக் காளையைக் குடுத்து அனுப்பினாரு. மாரியம்மன் கோயிலைச் சுத்திக் காடெல்லாம் காங்கேயம் மாடு. என்ர சட்டையில, முதுகுப்பக்கம், ஒரு ஒட்டு. சந்தையே அந்த ஒட்டைத்தான் பாக்குதுன்னு எனக்கு நெனப்பு. வேப்பமரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன், விக்க வந்த காளையையும் சேர்த்து மறைச்சுக்கிட்டு! மத்தியானம் ஒரு தரகர் வந்தாரு. என்ர மூஞ்சியைக் கூடப் பாக்கலை. காளை வாயைத் தொறந்து பல்லைப் பாத்தாரு, நாலு பல்லு. திமிலைத் தடவினாரு, சுழி பாத்தாரு. அப்புறம், "சோளத்தட்டா, புண்ணாக்கும் வெக்கறயா?"ன்னாரு. எனக்குத் தெரிஞ்ச கேள்வி. பேச்சு தானா வந்துருச்சு. பொழுது சாயறப்ப அவரு துண்டுக்குள்ள என்ர விரல் இருந்துச்சு, வெலை முடிஞ்சுது.

மனோதத்துவம் படிக்கறாளே உன்ர தங்கச்சி, அவகிட்ட இதைச் சொன்னேன். அமெரிக்காவுல கார்னெல்னு ஒரு பல்கலைக்கழகமாம். அங்க கிலோவிச்சுன்னு ஒருத்தர் கூட்டாளிகளோட சோதிச்சு 2000-ல எழுதியிருக்காராம். படிக்கற புள்ளைங்களுக்குக் கூச்சம் வர்ற மாதிரி ஒரு பாட்டுக்காரர் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, ஆளுங்க இருக்கற ரூமுக்குள்ள அனுப்பினாங்களாம். பாதிப்பேருக்குக் கிட்டப் பாத்திருப்பாங்கன்னு போட்டவன் நெனச்சான். நெசமாப் பாத்தது நாலுல ஒருத்தர். ஒரு வேப்பமரத்தைச் செலவில்லாமக் குடுத்திருப்பேன், என்னைக் கேக்கலை.

நாளைக்குக் கூட்டம் சேர்றதுக்கு முன்னாலயே போயிரு. வெடியால சந்தையில நாலு பேருதான் இருப்பாங்க, அவங்களும் பேச ஆளில்லாமத்தான் நிப்பாங்க. டீ குடுக்கற பக்கமா நில்லு. அதுக்காகப் போண்டாவையே வாயில அடைச்சுக்காத, பேசறதுக்குத்தானே போற. எதுத்தாப்புல இருக்கற பம்பைப் பாத்து, எத்தனை அடி போருக்குத் தாங்குமுங்க, வார்ப்படம் எங்க போடறீங்கன்னு கேளு. அவனவன் மாட்டைப் பத்திக் கேட்டா எவனுக்கும் அலுக்காது.

ரெண்டு பேரு தோளோட தோள் உரசிக்கிட்டுப் பேசினா அங்க போகாத. துண்டு போட்டுட்டாங்கன்னு அர்த்தம். காலை வெளிய திருப்பி வெச்சுக்கிட்டு நிக்கறாங்களா, அங்க போ. விசிட்டிங் கார்டைக் கல்யாணப் பத்திரிகையாட்டம் எல்லாருக்கும் நீட்டிக்கிட்டுத் திரியாத. அவனா "நீங்க எங்கீங்க?"ன்னு கேப்பான், அப்பக் குடு. பேச்சு சூடா இருக்கறப்பவே "வாரனுங்க"ன்னு கெளம்பிரு. சலிச்சுப்போற வரைக்கும் நிக்கறவனை அடுத்த சந்தையில தூரத்துல பாத்தாலே ஓடுவாங்க.

அப்புறம், ஒரே நாள்ல ஒரம்பரை ஆகோணும்னு நெனைக்காத. கிரானோவெட்டர்னு இன்னொரு அமெரிக்கர் 1973-லயே எழுதிப்போட்டாராம். தெரிஞ்சவங்க மூலமா வேலை கெடைச்சவங்ககிட்ட விசாரிச்சா, அடிக்கடி பாக்கற ஆளு சொல்லிக் கெடைச்சது ஆறுல ஒருத்தருக்குத்தான். மிச்சமெல்லாம் எப்பவாவது பாக்கற பழக்கம். பின்ன? உன்ர பங்காளிக்கு உனக்குத் தெரிஞ்ச சந்தைதானே தெரியும். பொள்ளாச்சிச் சந்தையில தாராபுரத்து ஆளு ஒருத்தரை வருசத்துக்கு ரெண்டு தடவை பாப்பேன், அதுவும் டீ குடிக்கற நேரந்தான். "எங்கூருல ஒரு நல்ல பொண்ணு இருக்குதுங்க"ன்னு அவருதான் ஒரு செவ்வாக்கெழமை சொன்னாரு. அதைத்தான் உங்கப்பனுக்குக் கட்டி வெச்சோம், அதுதான் உங்கம்மா. நீயே அந்த டீயில வந்த சரக்குடா!

சரி, நாளைக்குப் போறப்ப அப்படியே நம்ம பேங்குல எறங்கி, மேனேஜரைப் பாத்து நகைக்கடனுக்கு எப்ப வட்டி கட்டோணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிரு. நானா? அந்தக் கண்ணாடிக் கதவு... இழுக்கோணுமா தள்ளோணுமான்னே தெரியறதில்லை. உள்ள இருக்கறவங்க எல்லாம் என்னையவே பாக்கறாங்கடா. எப்பவும் ஆத்தாதான் போவா.