நாலு காசு பார்க்கலாமா?

கேள்வி: வீட்டில் ராஜபாளையம் பெட்டை நாய் இருக்கிறது. ஒரு ஈத்து எடுத்துக் குட்டிகளை விற்றால் நாலு காசு பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், பெரும்பாலும் கால்நடை மருத்துவர் பார்ப்பார். எல்லோரும் ஆசைப்படும் அந்த வெள்ளை நிறத்தோடுதான் இந்த இனத்தில் காது கேளாமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜோடி சேர்க்குமுன் ஜாதகத்தை விடுங்கள், இரண்டின் காதையும் சோதியுங்கள். 2017 மத்திய அரசு விதிப்படி வளர்ப்பவருக்குப் பதிவு வேண்டும், பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், 8 வாரத்துக்குமுன் குட்டியை விற்கக் கூடாது. அதுவரை பூச்சி மருந்து, தடுப்பூசி, கடித்துக் குதறிய செருப்பு எல்லாம் உங்கள் கணக்கு. பன்றி வேட்டைக்குப் போன இனம் இது. ஃபிளாட்காரர் வந்தால் விலையைச் சொல்லாதீர்கள், தினமும் எவ்வளவு தூரம் ஓடுவார் என்று கேளுங்கள். ஓடிவிடுவார்!