ஹாட் டப் மின்னழுத்த ஆராய்ச்சி

1. பாயிரம்

வீட்டுக் கொல்லையில் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியின் பொருள். இது அமெரிக்க மண்ணுக்கு உரிய வழக்கு. நம் வீட்டு ப்ளக்கில் 230 வோல்ட் ஒன்றே வருவதால் இங்கே சர்ச்சைக்கு இடமில்லை. அங்கோ 120, 240 என இரண்டு உண்டு. இரண்டு இருக்குமிடத்தில் இரு சமயங்கள் தோன்றாமல் போகுமா?

2. வரலாறு

இத்தாலியிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் வேரூன்றிய ஜக்குசி குடும்பத்தார், முதலில் விமான உந்திகளும் பின்னர் பம்புகளும் செய்தவர்கள். குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் மூட்டுவாதத்துக்காக உருவான குளியல்தொட்டிப் பம்பு 1956-இல் கடைக்கு வந்தது. 1968-இல் ராய் ஜக்குசி பம்பைத் தொட்டிக்குள்ளேயே பொருத்திவிட்டார். மருந்து விருந்தான கதை இதுவே.

3. பரபக்கம்

120-ஆர் கூறுவது: “தொட்டியை இறக்கு, நீரை நிரப்பு, ப்ளக்கைச் செருகு. எலெக்ட்ரீஷியன் வேண்டாம், தோட்டத்தைத் தோண்ட வேண்டாம். வாடகை வீட்டைக் காலி செய்தால் தொட்டியும் கூடவே வரும்.”

கேட்க இனிமையே. ஆயினும் 15 ஆம்பியர் சர்க்யூட் தாங்குவது 1,800 வாட். பம்புக்குப் போக ஹீட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 கிலோவாட். 1,300 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து, பாதுகாப்பு உச்சவரம்பான 40 டிகிரி செல்சியஸுக்கு ஏற்ற 38 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆகவே வெள்ளி இரவு எட்டு மணிக்கு சுவிட்சைப் போட்டவர் ஞாயிறு காலை பத்து மணிக்கு இறங்கலாம். வழியில் வீணாகும் சூட்டைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் நிச்சயமில்லை. இறங்கி, நீரைப் பீய்ச்சும் ஜெட்டைப் போட்டாலோ, இவ்வகைத் தொட்டிகள் பலவற்றில் ஹீட்டர் நின்றுவிடும். முதுகு சுகப்பட, நீர் ஆறும்.

4. சுபக்கம்

240-ஆர் பிரமாணமாகக் காட்டுவது ஓம் விதி. ஹீட்டர் கம்பி அதுவேயாக இருக்க, வோல்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். இருவகை மின்சாரத்துக்கும் பொருந்தும் தொட்டிகளில் 120-இல் 1 கிலோவாட் தரும் அதே ஹீட்டர், 240-இல் 4 கிலோவாட் தருவது இதனாலேயே. 38 மணி நேரம் ஒன்பதரையாகச் சுருங்கும். ஜெட்டும் ஹீட்டரும் ஒருசேர ஓடும்.

இந்த முக்திக்கு விலை உண்டு. தனி பிரேக்கர், தடித்த வயர், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன், ஊராட்சியின் அனுமதி. மேலும், தொட்டியிலிருந்து ஐந்தடிக்குக் குறையாத தூரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி மின்சாரத்தைத் துண்டிக்கும் பெட்டி ஒன்றும் வைக்க வேண்டும்.

5. தடையும் விடையும்

தடை: 240 என்றால் கரண்ட் பில் இரட்டிக்காதா?
விடை: இரட்டிக்காது. மெதுவாகக் காய்ச்சினாலும் வேகமாகக் காய்ச்சினாலும் நீர் கேட்பது அதே 38 யூனிட்.

தடை: 1,500 வாட் ராடைப் போட்டால் ஒரு வாளி நீர் பத்தே நிமிடத்தில் குளிக்கும் பதத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் எதற்கு?
விடை: இக்கேள்வியை ஊரிலிருந்து வந்த மாமியார்தான் எழுப்புவார். நியாயமான கேள்வி; எனவே ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

6. சமரசம்

இரு சமயத்தாரும் அறியாதது ஒன்று உண்டு. தெருக்கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அமெரிக்க வீட்டுக்கு வருவதே 240 வோல்ட்தான். அதன் நடுப்புள்ளியிலிருந்து நியூட்ரலை எடுப்பதால் இருபுறமும் 120 கிடைக்கிறது. எடிசன் 1880-களில் வகுத்த மூன்று கம்பி முறையின் வழிவந்தது இது. 120-ஆர் என்போர், பாதியில் நின்றுவிட்ட 240-ஆரே.

7. முடிபு

மினசோட்டாபோலப் பனி கொட்டும் ஊரில் சொந்த வீடு உடையோர்க்கு 240. அரிசோனாபோல வெயில் காயும் ஊரில் வாடகைக்கு இருப்போர்க்கு 120. பொறுமையே இல்லாதவர்க்கு எங்கிருந்தாலும் 240.

இரு சாரார்க்கும் பொதுவிதி ஒன்றுண்டு: 5 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ காப்பு இல்லாத தொட்டியில் கால் வைக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டு இழுக்காதீர்கள். இறங்குமுன் காப்பின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.