தாழம்பூ கொடுத்த சான்று

திருவண்ணாமலையில் சான்றிதழ் கேட்கும் வழக்கம் சிவபெருமான் ஜோதியாய் நின்ற அன்றே தொடங்கிவிட்டது. அடியைத் தேடிப் போன விஷ்ணு, ‘அகப்படவில்லை’ என்று ஒப்புக்கொண்டு திரும்பினார். முடியைத் தேடிய பிரம்மாவோ, வழியில் கிடைத்த தாழம்பூவைப் பிடித்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். மனு தள்ளுபடி, தாழம்பூவுக்குச் சிவபூஜையிலிருந்து நிரந்தரப் பணிநீக்கம்.

1896 செப்டம்பர் 1-இல் அதே ஊரில் வந்து இறங்கிய வெங்கடராமனுக்கு வயது 16. அண்ணனின் காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுக் கிளம்பியவர். கையெழுத்து போடவேண்டிய இடத்தில் வெறும் கோடு. கடுக்கனை அடகு வைத்த விலாசத்தையும் கிழித்துப் போட்டார். மிச்சக் காசு அய்யங்குளத்துக்கு. பின்னாளில் ரமண மகரிஷியான அவர் உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தால், தாலுகா ஆபீஸ் வாசலோடு சரி. அம்மாவும் அண்ணனும் இருக்க, ஆதரவற்றவர் என்று எந்த வி.ஏ.ஓ. எழுதுவார்?

ஆதரவற்ற முதியோருக்கான அந்த உதவித்தொகை தமிழ்நாட்டில் பிறந்தது 1962 ஏப்ரல் 1-இல். தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிதியாண்டு அன்றுதான் பிறக்கிறது. ‘ஓஏபி’ என்கிற அந்தப் பணத்தை வாங்க வயதானால் மட்டும் போதாது; நாதியில்லை என்று நிரூபிக்கவும் வேண்டும். ரேஷன் கார்டில் மகன் பெயர் இருந்தால் தீர்ந்தது. அவன் சோறு போடுகிறானா என்பதற்குக் கார்டில் கட்டம் இல்லை. ரமணர் ஆசிரம வாசல் பிளாட்பாரத்துச் சாமியார்கள் பாடு இன்னும் மோசம்: வீடு வாசலைத் துறந்தவரிடம் வீட்டு விலாசம் கேட்டால் எங்கே போவார்?

மணியார்டர் காலத்தில் போஸ்ட்மேன் மை தடவி விரலை அழுத்தினால் பணம் கைக்கு வந்தது, அவருக்கான காபிக் காசு போக. பிறகு மிஷின் வந்தது. நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்துக் கோடெல்லாம் அழிந்த விரலை அது ஏற்கவில்லை. “தொடச்சிட்டு வைம்மா” என்பார் பேங்க் ஆள். ஆயா முந்தானையில் துடைத்து வைப்பாள். “இன்னொரு விரலு?” பத்து விரலும் முடிந்தால், “நாளைக்கு வா.”

1995 ஆகஸ்ட் 15-இல் டெல்லியும் 75 ரூபாயோடு வந்து சேர்ந்தது. மாநில அரசு மொத்தத் தொகையை 2011-இல் 1,000, 2023-இல் 1,200 என்று ஏற்றியது. எண்பதைத் தொடாதவர்களுக்கு டெல்லி தரும் பங்கு மட்டும் 2007-லும் 200 ரூபாய், இன்றும் 200 ரூபாய். அண்ணாமலையும்தான் அசையாமல் நிற்கிறது. ஆனால் மலைக்குக் கார்த்திகைக்குக் கார்த்திகை நெய்யாவது ஊற்றுகிறார்கள்.