கத்தியோடு இறங்கி வந்த சபாநாயகர்

2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 'ப்ரூயன் வழக்கு' என்று பெயர். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஒரு கட்டுப்பாடு போட வேண்டுமா? "இதனால் நாட்டுக்கு நல்லது" என்ற கதையெல்லாம் வேண்டாம். முன்னோர்கள் இதுமாதிரி ஏதாவது கட்டுப்பாடு வைத்திருந்தார்களா? அதைக் காட்டு!

அன்று முதல் அமெரிக்க வக்கீல்கள் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு சரித்திரப் புத்தகத்தைத் தூசு தட்ட ஆரம்பித்தார்கள். லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிற ஆசாமிகள், பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சந்தைக்கு யார் வாளோடு போனார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். சரித்திர வாத்தியார்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக மவுசு!

அதே தீர்ப்பில், சட்டசபை, கோர்ட், ஓட்டுச் சாவடி போன்ற இடங்களில் மட்டும் துப்பாக்கிக்குத் தடை போடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தடைகளை எதிர்த்து அந்தக் காலத்தில் யாரும் வம்பு செய்ததாகத் தெரியவில்லையாம். (உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளும் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.) தடையைப் பற்றி வம்பு இல்லை, சரி. சபைக்குள்ளே நடந்த வம்பு? கோர்ட்டே பார்க்கச் சொல்லிவிட்டதால் நாமும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முதலில் இங்கிலாந்து. 1313-ல் இரண்டாம் எட்வர்ட் ராஜா, நாடாளுமன்றத்துக்கு யாரும் ஆயுதத்தோடும் கவசத்தோடும் வரக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். அகிம்சையில் பிடிப்பா? அதெல்லாம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் பிரபுக்கள் சேர்ந்து ராஜாவின் செல்லப்பிள்ளை கேவ்ஸ்டனைத் தீர்த்துக்கட்டியிருந்தார்கள். அடுத்த டோக்கன் தனக்கோ என்ற பயம் ராஜாவுக்கு! பதினான்கு வருஷம் கழித்து அவரை அரியணையிலிருந்து இறக்கியே விட்டார்கள். ராஜா போய்விட்டார். சட்டம் மட்டும் இங்கிலாந்தில் இன்னும் அமலில் இருக்கிறது.

சட்டம் போட்டுவிட்டால் ஆச்சா? 1426-ஐப் பாருங்கள். ராஜா ஆறாம் ஹென்றிக்கு வயது நான்கு. அவருடைய சித்தப்பா க்ளாஸ்டர் பிரபுவுக்கும், சின்னத் தாத்தா முறையாகும் பிஷப் போஃபோர்ட்டுக்கும் ஏழாம் பொருத்தம். லெஸ்டர் நகரில் நாடாளுமன்றம் கூடியது. "யாரும் வாள் கொண்டுவரக் கூடாது" என்று உத்தரவு. நல்ல பிள்ளைகளாக எல்லோரும் வாளை வீட்டில் வைத்துவிட்டு, தோளில் உருட்டுக்கட்டையோடு வந்து சேர்ந்தார்கள்! "ஐயா, கட்டையும் கூடாது" என்று இன்னொரு உத்தரவு. உடனே கற்களையும் ஈயக் குண்டுகளையும் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். சரித்திரத்தில் அதற்குப் பெயரே 'கட்டைகளின் நாடாளுமன்றம்'. அந்தச் சபையில் ஒழுங்காக நடந்துகொண்டவர் அநேகமாக அந்த நாலு வயசுக் குழந்தைதான்.

இன்னொரு பிரகஸ்பதி, சர் ஜான் நைட். பிரிஸ்டல்காரர். துப்பாக்கியோடு சர்ச்சுக்குள் நுழைந்தார் என்று 1686-ல் இவர்மீது வழக்கு. ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். ஏன் செய்தார்கள் என்பதில்தான் இன்றைய ரகளை. "பார்த்தாயா, ஆயுதம் வைத்திருப்பது அப்போதே உரிமை" என்கிறது ஒரு கட்சி. "பார்த்தாயா, ஆயுதத்தோடு போனால் அப்போதே வழக்கு" என்கிறது எதிர்க்கட்சி. மனிதர் செத்து 300 வருஷம் ஆகியும், கடல் தாண்டி இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, இங்கிலாந்து போதும். அமெரிக்காவுக்கு வருவோம். அங்கேதான் விருந்தே இருக்கிறது.

ஆர்கன்ஸா மாநிலம். யூனியனில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1837 டிசம்பர் 4 அன்று லிட்டில் ராக் நகரில் சட்டசபை கூடி மகத்தான ஒரு மசோதாவை விவாதித்துக்கொண்டிருந்தது: ஓநாயைக் கொன்று அதன் தலைத்தோலைக் கொண்டுவருபவருக்குச் சன்மானம். தலைத்தோல் வாங்கிக்கொண்டதற்குச் சான்றிதழ் தர வேண்டும். அதில் யார் கையெழுத்துப் போடுவது?

ஜோசப் ஆன்டனி என்கிற உறுப்பினர் எழுந்தார். "ரியல் எஸ்டேட் பேங்க் தலைவரே கையெழுத்துப் போடட்டுமே" என்கிற ரீதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பேங்க் நோட்டில் கையெழுத்துப் போடுகிற கை, ஓநாய்த் தோலுக்கும் போடட்டும் என்று ஒரு கிண்டல். சபை சிரித்தது. சிரிக்காதவர் ஒரே ஒருவர், சபாநாயகர் ஜான் வில்சன். காரணம், அந்த ரியல் எஸ்டேட் பேங்கின் தலைவரும் அவரே!

நம் ஊரில் இதற்கு என்ன நடக்கும்? "அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்று ஒரு வரி, மிஞ்சிப்போனால் சபைக் காவலர்கள் வந்து குண்டுக்கட்டாகத் தூக்கிப் போவார்கள். வில்சனுக்கு அந்த நடைமுறையெல்லாம் தெரியாது போலிருக்கிறது. "உட்கார்" என்றார். ஆன்டனி உட்காரவில்லை. சபாநாயகர் இடுப்பிலிருந்து போவி கத்தியை உருவிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவந்தார். (போவி கத்தி என்பது பென்சில் சீவுகிற சமாசாரம் இல்லை, கிட்டத்தட்ட சின்ன வாள்.) ஆன்டனியிடம் மட்டும் என்ன, விசிறியா இருந்தது? அவரும் கத்தியை உருவினார். நடுவில் ஓர் உறுப்பினர் நாற்காலியை நீட்டித் தடுத்துப் பார்த்தார். வில்சனுக்குக் கையில் பலத்த வெட்டு. ஆன்டனி சபையிலேயே செத்துப்போனார்.

வில்சனைச் சபையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு நடந்தது. "மன்னிக்கத்தக்க கொலை" என்று ஜூரிகள் விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவர், தீர்ப்புச் சொன்ன ஜூரிகளுக்கே சாராயக்கடையில் ட்ரீட் கொடுத்தார் என்று சொல்வார்கள். அதைவிட அதிசயம், சில வருஷத்தில் அதே மனிதர் மறுபடி எம்.எல்.ஏ. ஆகி வந்ததுதான். ஓநாய்களின் கதி என்ன ஆயிற்று என்பதை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை.

"அது ஏதோ பட்டிக்காட்டு மாநிலம், தலைநகரில் கனவான்கள் இருந்திருப்பார்களே" என்று நினைக்கிறீர்களா? வாருங்கள், 1850-ன் செனட்டுக்குப் போவோம். துணை ஜனாதிபதி மில்லர்ட் ஃபில்மோர் சபை நடத்துகிறார். உறுப்பினர்கள் கண்ணியம் காக்க வேண்டும் என்று சில நாட்களுக்கு முன்புதான் நீண்ட உரை ஆற்றியிருந்தார், பாவம்!

ஏப்ரல் 17. மிசிசிப்பியின் ஹென்றி ஃபூட் சின்ன உருவம், பெரிய வாய். மிசௌரியின் தாமஸ் ஹார்ட் பென்ட்டன் ஆஜானுபாகு. இளமையில் டூயலில் ஒருவரைச் சுட்டுக் கொன்றவர். ஃபூட் வாரக்கணக்கில் பென்ட்டனைச் சீண்டிக்கொண்டே இருந்தார். பென்ட்டன் எழுந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஃபூட்டை நோக்கி நடந்தார். ஃபூட் பின்வாங்கினார், பின்வாங்கிக்கொண்டே கைத்துப்பாக்கியை எடுத்தார். பென்ட்டன் விட்டாரா? கோட்டை விரித்து மார்பைக் காட்டி, "என்னிடம் ஆயுதம் இல்லை, சுடட்டும் இந்தக் கொலைகாரன்" என்று வசனம் பேசினார். சினிமா கண்டுபிடிப்பதற்கு முன்பே இன்டர்வெல் பிளாக்! டிக்கின்சன் என்கிற செனட்டர் துப்பாக்கியைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். பிறகு கமிட்டி போட்டார்கள். கமிட்டி ஆராய்ந்தது. நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டியதில்லை என்று அறிக்கை தந்தது. கமிட்டிகளுக்குத் தேசபேதம் கிடையாது.

இந்த ஆவேசமெல்லாம் எதற்காக என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். அடிமை முறை. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமா என்பதுதான் விவாதம். 1856-ல் தென் கரோலினாவின் ப்ரெஸ்டன் ப்ரூக்ஸ், அடிமை முறையைச் சாடிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரைச் செனட்டுக்குள்ளேயே தடி உடையும்வரை அடித்தார். காப்பாற்ற வந்தவர்களைத் தடுத்து நின்ற நண்பர் லாரன்ஸ் கீட்டின் கையில் துப்பாக்கி. ப்ரூக்ஸுக்கு 300 டாலர் அபராதம். ரசிகர்களிடமிருந்து புதுத் தடிகள் பார்சலில் வந்து குவிந்தன. ராஜினாமா செய்தார், அதே தொகுதி அவரையே திரும்ப அனுப்பிவைத்தது.

அதே கீட், 1858 பிப்ரவரியில் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி ஆஜர். பிரதிநிதிகள் சபையில், கான்சாஸில் அடிமை முறையை அனுமதிக்கலாமா என்ற விவகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் தூக்கக் கலக்கம், சிலருக்கு வேறு கலக்கமும். பென்சில்வேனியாவின் கலூஷா க்ரோ எதிர்க்கட்சி வரிசைப் பக்கம் நடந்து வந்தார். "உன் இடத்துக்குப் போ" என்று கீட் கையை வைக்க, க்ரோ ஒரு குத்து விட, முப்பதுக்கும் மேற்பட்ட மக்கள் பிரதிநிதிகள் கட்டிப்புரள ஆரம்பித்தார்கள். சபைக் காவலர் செங்கோலைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார். செங்கோலை யார் பார்த்தார்கள்!

அப்போதுதான் அமெரிக்க ஜனநாயகத்தைக் காப்பாற்ற ஒரு விக் வந்தது. விஸ்கான்சினின் வாஷ்பர்னும் பாட்டரும் மிசிசிப்பியின் வில்லியம் பார்க்ஸ்டேலின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். முடி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது! இழுத்தவர்களுக்கே அதிர்ச்சி. பார்க்ஸ்டேலுக்கு வழுக்கை என்பது அதுவரை ராஜாங்க ரகசியம். அவமானத்தில் விக்கைப் பிடுங்கி அவசரமாக மாட்டிக்கொண்டார், பின்பக்கம் முன்பக்கமாக. ஒரு கணம் நிசப்தம். அப்புறம் இரண்டு கட்சியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சண்டை அதோடு முடிந்தது. செங்கோலால் ஆகாததை ஒரு டோப்பா செய்து முடித்தது. மூன்றே வருஷத்தில் இதே இரண்டு தரப்பும் நிஜப் போருக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

1860-ல் நிலைமை முற்றியது. நியூயார்க்கின் ஜான் ஹாஸ்கின் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது கோட்டிலிருந்து துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்தது. சபையில் களேபரம். இத்தனைக்கும் திகைத்தவர்களில் எத்தனை பேருடைய கோட் காலியாக இருந்தது என்று தெரியாது. ரிவால்வரும் கத்தியும் வைத்துக்கொள்ளாத உறுப்பினர் யாரென்றால், இரண்டு ரிவால்வர் வைத்திருப்பவர்தான் என்று தென் கரோலினா செனட்டர் ஹாமண்ட் அந்த வருஷம் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆக, நீதிமன்றம் தேடச்சொன்ன 'மரபு' இதுதான்: தடை இருந்தாலும் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் இரண்டாகக் கொண்டுவருவார்கள்.

இனி ஒரே தாவலாக 1967, மே 2. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ. கறுப்பின இளைஞர்களின் 'பிளாக் பாந்தர்' கட்சியினர் சுமார் முப்பது பேர், துப்பாக்கிகளைத் தாங்கியபடி மாநிலச் சட்டசபைக் கட்டடத்துக்குள் நடந்தார்கள். சட்டப்படி அன்று அது குற்றமே இல்லை! பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கிக்குத் தடை கொண்டுவரும் மல்ஃபோர்ட் மசோதாவை எதிர்க்கத்தான் வந்தார்கள். பார்வையாளர் மாடத்துக்குப் போவதாகத் திட்டம். வழி தெரியவில்லை. கேமராவோடு ஓடிய பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே போய், நேராகச் சபை நடக்கும் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். வெளியே புல்வெளியில் கவர்னர் ரொனால்ட் ரீகன் பள்ளிக் குழந்தைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஜூலை மாதமே மசோதா சட்டமானது. கையெழுத்துப் போட்டவர், பிற்காலத்தில் துப்பாக்கிப் பிரியர்களின் குலதெய்வமான அதே ரீகன். ஆதரித்தது யார் தெரியுமா? துப்பாக்கி உரிமைக்காக எதையும் செய்யும் தேசிய ரைஃபிள் சங்கம்! துப்பாக்கி யார் தோளில் தொங்குகிறது என்பதைப் பொறுத்து கொள்கையும் கொஞ்சம் சாய்ந்துகொடுக்கும் போலிருக்கிறது.

2020 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் இதன் மறுபதிப்பு. கொரோனா ஊரடங்கை எதிர்த்து, பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ரைஃபிளோடு சட்டசபைக் கட்டடத்துக்குள் வந்து நின்றார்கள். சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்துக்குள் துப்பாக்கிக்கு அனுமதி இருந்தது. கோஷம் எழுதிய அட்டைக்குத்தான் தடை! 2021 ஜனவரியில், வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த கலவரத்துக்குப் பிறகு, ஒருவழியாக விழித்துக்கொண்டு தடை போட்டார்கள். என்ன தடை? வெளியே தெரிகிற மாதிரி கொண்டுவரக் கூடாது. லைசென்ஸோடு மறைத்துக் கொண்டுவந்தால் அப்போதைக்குப் பரவாயில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் இன்னும் விசேஷம். அங்கே ஆளுங்கட்சி மாறினால் சபைக்குள் துப்பாக்கி விதியும் மாறும். 2011-ல் தடை நீக்கம், 2013-ல் மறுபடி தடை, 2015-ல் நீக்கம், 2019-ல் தடை. நீக்கியிருந்த காலத்தில், 2017-ல், ஓர் உறுப்பினரின் குண்டு நிரப்பிய துப்பாக்கி கமிட்டி கூட்டத்தில் தரையில் விழுந்தது. அன்று கமிட்டியில் விவாதம்: குழந்தைகளுக்கு முழுநேர எல்.கே.ஜி. வேண்டுமா, வேண்டாமா?

கடைசியாக டெக்ஸஸ். 2010-ல் ஆஸ்டின் நகரில் சட்டசபைக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு ஆள் துப்பாக்கியால் சுட்டான். பயந்துபோய் மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள். வாசலில் நீண்ட வரிசை. ஆனால் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். அட்டையைக் காட்டிவிட்டு, நம் கோயில் ஸ்பெஷல் தரிசனம் மாதிரி, தனி வழியில் நேராக உள்ளே போகலாம். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். துப்பாக்கி இருக்கிறதா என்று சோதிப்பது, லைசென்ஸ் இல்லாதவர்களை!

லாபி செய்பவர்கள், உதவியாளர்கள், நிருபர்கள் என்று தினமும் உள்ளே போய்வர வேண்டியவர்கள் யோசித்தார்கள். வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, குறி பார்த்துச் சுட்டுக் காட்டி, லைசென்ஸ் வாங்கிக்கொண்டார்கள். சிலரிடம் துப்பாக்கியே கிடையாது.