மூன்றாம் பாகத்தின் கடமை

மூன்று பாகக் கதையில் கடைசிப் படத்துக்கு ஒரே கடமைதான், முடிவது. 2012இல் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ அதைக் கொஞ்சமாவது செய்தது: பேட்மேன் முதுகு முறிந்து, குழிக்குள் கிடந்து, ஊரார் கணக்கில் செத்தும் போனார். நம் சூப்பர் ஹீரோ, ‘சிங்கம்’ படங்களின் போலீஸ் அதிகாரி துரைசிங்கத்துக்கு அந்த வசதி இல்லை. அவர் அரசு ஊழியர். 2010இல் வில்லன் சென்னையில் இருந்தார், 2013இல் ஆப்பிரிக்காவில், 2017இல் ஆஸ்திரேலியாவில். தூரம்தான் கூடுகிறது, துரைசிங்கத்துக்கு மூச்சு வாங்குவதில்லை. பறக்காதவர் எப்படிச் சூப்பர் ஹீரோ என்பார்கள். பேட்மேனும் பறக்கப் பிறந்தவரல்ல, பணக்காரர். இவர் மாதச் சம்பளத்திலேயே அறையை டன் கணக்கில் விடுகிறார். எது பெரிய சக்தி?

நாயகன் தளர்ந்தால் ரசிகர் தாங்கமாட்டார் என்பது அடுத்த வாதம். வையம்பட்டியில் பஸ் ஏறி மணப்பாறைக்கோ திருச்சிக்கோ போய் டிக்கெட் எடுப்பவர் அதையெல்லாம் தாங்குவார். பார்த்த படத்தையே இன்னும் வேகமாக ஓட்டிக் காட்டுவதுதான் தலைவலி. சாகடிக்கக்கூட வேண்டாம். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கையில், முழங்கால் பெல்ட்டோடு விமானப் படியேறும் துரைசிங்கத்தைக் காட்டுங்கள். பயணப்படி பில்லைத் திருப்பி அனுப்பும் கருவூல கிளார்க்கே வில்லனாக இருக்கட்டும்.