கோராகின் கதி யாருக்கு?

கேள்வி: சபையில் சிலர் என் அதிகாரத்தையே கேள்வி கேட்கிறார்கள். தேவன் வைத்த ஊழியக்காரனை எதிர்த்தால் கோராகின் கதிதான் என்று பிரசங்கிக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் எண்ணாகமம் 16-ஆம் அதிகாரத்தைப் பூமி பிளந்து கலகக்காரரை விழுங்கிய இடத்தோடு மூடிவிடாதீர்கள். கோராகும் 250 பிரபுக்களும் திரண்டு வந்தபோது மோசே முதலில் செய்தது முகங்குப்புற விழுந்தது. பதவியைச் சொல்லி மிரட்டவில்லை. பிறகு கோபமும் வந்தது. அந்தக் கோபத்திலும் அவர் தேவனிடம் முறையிட்டது, இவர்களிடம் ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொண்டதில்லை என்பதைத்தான். (உங்கள் சபைக் கணக்குப் புத்தகம் கைவசம் இருக்கிறதல்லவா?)

சபையார் எல்லாரும் பரிசுத்தர் என்று கோராகு சொன்னது நியாயம்தானே என்பார்கள். நியாயம்தான், ஆனால் அவர் கண் ஆசாரியப் பட்டத்தின் மேல் இருந்தது. மோசேயோ, முன்பு எல்தாத், மேதாத் என்ற இருவர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது, தடுக்கச் சொன்ன யோசுவாவைத்தான் கடிந்துகொண்டார். பூமியே வாய் திறந்து ஆதரித்தவருக்குப் பொறுமை சுலபம் என்றும் வாதிடலாம். அப்படியொன்றும் இல்லை. மறுநாளே ஜனங்கள் மறுபடி முறுமுறுத்தார்கள். அவ்வளவு பெரிய அற்புதத்தாலும் ஒருவர் வாயையும் அடைக்க முடியவில்லை. அந்த முறுமுறுப்புக்காக வாதை தொடங்கியதும், தன்மேல் பழி போட்ட அதே ஜனத்துக்காகத் தூபகலசத்தோடு சீக்கிரம் போகும்படி ஆரோனை அனுப்பினார் மோசே. ஆரோன் ஓடிப்போய், செத்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் நடுவே நின்றார். வாதையில் 14,700 பேர் மாண்டார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். பிரசங்கத்தில் அந்த ஓட்டத்துக்கும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.