செம்பு எந்தக் கல்லூரியில் படித்தது?

துபாயில் ஆப் திரைக்குப் பொத்தான் வரைந்து சம்பளம் வாங்கும் நம் தம்பிமார்களுக்கு, முப்பதை நெருங்கும்போது ஒரு ஞானம் பிறக்கிறது: வடிவமைப்பில் முதுகலை படித்தே ஆகவேண்டும். லண்டனா, மிலானா, மும்பை ஐஐடியா என்று எக்செல் தாள் விரிகிறது. கட்டணத்துக்கு ஒரு பத்தி, விசாவுக்கு ஒரு பத்தி, படித்தபின் கிடைக்கும் வேலைக்கு மூன்று பத்தி. என்ன படிக்கப்போகிறோம் என்பதற்குத்தான் இடமில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமென்றால் மேலாளர் சிரிக்கிறார். வேலையை விடலாமென்றால் ஊரிலுள்ள வீட்டுக் கடன் முறைக்கிறது.

1958இல் இந்திய அரசு கேட்டுக்கொண்டபடி அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் வடிவமைப்புப் பயிற்சி பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கை தலைமேல் வைத்துக் கொண்டாடிய பொருள், நம் வீட்டுச் செம்பு! அதைத் தட்டிச் செய்தவரிடம் யாரும் போர்ட்ஃபோலியோ கேட்கவில்லை. சார்லஸே கட்டடக்கலைப் படிப்பைப் பாதியில் விட்டவர்தான்.

இதைப் படித்துவிட்டு விண்ணப்பத்தைக் கிழித்துவிடாதே, தம்பி. செம்புக்கு விசா தேவையில்லை, உனக்குத் தேவை.